வெளிநாடு போன இடத்தில் வயிறு கலக்கினால்… ஓசூரிலிருந்து கிளம்பும் முன் இதைப் படியுங்கள்!

அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகா. சில்க் போர்டு டிராஃபிக் கருணை காட்டினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் தேவனஹள்ளி விமான நிலையம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துக் குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் இப்போது அதிசயமில்லை. கம்பெனியில் புது மெஷின் இறங்கினால், அதை ஓட்டிப் பழக ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ தைவானுக்கோ ஒரு டீம் கிளம்புகிறது. மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், மகன் துபாயில் இருக்கிறான் என்று அப்பா அம்மா பறக்கிறார்கள். தாய்லாந்து, மலேசியா பேக்கேஜில் போய் வருகிறவர்களும் உண்டு.

பெட்டியில் என்னென்ன இருக்கும்? பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, மாங்காய் ஊறுகாய், தலைவலித் தைலம். இல்லாமல் போவது பெரும்பாலும் ஒன்றுதான்: நாலைந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்.

கேட்டால், ‘நம்ம வயிறு கல்லைத் தின்றாலும் கரைக்கும்’ என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு மூன்றாம் நாள் ஹோட்டல் பாத்ரூமில் காணாமல் போய்விடும்.

அதிபருக்கே நடந்தது!

1992 ஜனவரி 8. டோக்கியோவில் அரசு விருந்து. அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், அதாவது அப்பா புஷ், ஜப்பான் பிரதமர் மியாசவா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று பிரதமர் மீதே வாந்தி எடுத்து மயங்கிச் சரிந்தார். காரணம், சாதாரண வயிற்று ஃப்ளூ. உலகத்திலேயே அதிகப் பாதுகாப்போடு பயணம் செய்கிற மனிதரின் வயிற்றுக்கே இந்தக் கதி.

பயணிகளுக்கு வரும் வயிற்றுப்போக்குக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையக் கணக்குப்படி, போகும் நாட்டையும் பருவத்தையும் பொறுத்து, இரண்டு வாரப் பயணத்தில் 100 பேரில் 30 முதல் 70 பேருக்கு இது வரலாம். பெரும்பாலும் காரணம் பாக்டீரியா. அதிலும் ஈ கோலை வகை முதலிடம். நோரோ வைரஸ் கப்பல், ஹோட்டல் என்று கூட்டமான இடங்களில் வேகமாகப் பரவும். ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

நம் ஊர்க் கிருமிகளுக்கு நம் குடல் ஓரளவு பழகியிருக்கும். ஆனால் அந்தப் பழக்கம் எல்லா ஊர்க் கிருமிக்கும் செல்லாது. வேகாத மீன், அரைவேக்காட்டு முட்டை, தினமும் சீஸ், பால் என்று சாப்பாடு மாறுவதும் ஒரு காரணம். ‘சுகர் ஃப்ரீ’ மிட்டாயில் இருக்கும் சார்பிட்டால் அதிகமானாலும் பேதியாகும். எல்லாவற்றுக்கும் கிருமிதான் காரணம் என்று பயப்பட வேண்டியதில்லை.

ஜப்பான், ஜெர்மனி, சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். தாய்லாந்து, வியட்நாம், பாலி என்றால் சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர் மட்டும்தான், பல் துலக்கக்கூட. அங்கே ஐஸ் போட்ட ஜூஸ், நறுக்கி வைத்த பழம், பச்சைக் காய் சாலட் மூன்றையும் தள்ளி வையுங்கள். ஆவி பறக்க வரும் சாப்பாடு நல்லது. நீங்களே தோல் உரிக்கும் வாழைப்பழம், ஆரஞ்சு நல்லது. இன்னொன்று: நோரோ வைரஸுக்கு சானிடைசர் போதாது. சோப்புப் போட்டுத்தான் கை கழுவ வேண்டும்.

ராமானுஜன் சொல்லும் பாடம்

வெளிநாட்டில் உடம்பு கெட்ட தமிழர் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியவர் கணித மேதை ராமானுஜன். 1914 மார்ச் 17-ல் சென்னையிலிருந்து ‘நெவாஸா’ கப்பலில் புறப்பட்டு இங்கிலாந்து போனார். சுத்த சைவம், கேம்பிரிட்ஜில் தானே சமைத்துச் சாப்பிட்டார். 1917-ல் படுத்தார். விட்டு விட்டுக் காய்ச்சல், உடல் மெலிவு. ஒரு டாக்டர் குடல் புண் என்றார். பிறகு காசநோய் என்று முடிவாகி, ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் இறந்தபோது வயது 32.

அவருடைய நோய்க் குறிப்புகளை 1994-ல் திரும்ப ஆராய்ந்த டி.ஏ.பி. யங் வேறொரு முடிவுக்கு வந்தார். காசநோய் அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு என்றார். ராமானுஜனுக்கு 1906-ல் சென்னையில் படிக்கும்போதே சீதபேதி வந்திருந்தது. அமீபா சீதபேதி சரியாக ஆறாவிட்டால், கிருமி உடம்பில் பல வருடம் பதுங்கியிருந்து கல்லீரலில் சீழ்க்கட்டியாகத் தலைதூக்கலாம். அமீபாவுக்கு எமட்டின் ஊசி பலன் தருகிறது என்று கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் 1912-லேயே காட்டியிருந்தார். அதாவது, நோய் இதுதான் என்று தெரிந்திருந்தால் வைத்தியம் செய்திருக்க முடியும்.

நூறு வருடத்துக்கு முந்தைய நோயை இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பாடம் தெளிவானது. அந்நிய ஊர் டாக்டருக்கு உங்கள் ஊரில் என்னென்ன நோய் உலவுகிறது என்று தெரியாது. ‘நான் தென்னிந்தியாவிலிருந்து வருகிறேன். எனக்கு முன்பு சீதபேதி வந்திருக்கிறது. டைபாய்டு வந்திருக்கிறது’ என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஊர் திரும்பிய பிறகு நம் டாக்டரிடம், ‘இந்த நாட்டுக்குப் போய் வந்தேன்’ என்று சொல்வதும் அதே அளவு முக்கியம்.

ஒரு பாக்கெட் காப்பாற்றிய உயிர்கள்

1971. வங்கதேசப் போர். லட்சக்கணக்கில் அகதிகள் மேற்கு வங்க எல்லைக்குள் வந்தார்கள். வனகாவ் முகாமில் காலரா. டாக்டர் திலீப் மஹலானபிஸ் அங்கே போனபோது மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளிகள். ஏற்ற வேண்டிய சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அவர் ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து கல்கத்தாவில் பாக்கெட் போட்டுக் கொண்டுவரச் செய்தார். டிரம்மில் தண்ணீரோடு கலந்தார்கள். நோயாளிகளுக்கு ஊட்டியது நர்ஸ்கள் மட்டுமல்ல. அம்மா, அண்ணன், கணவன் என்று வீட்டு மனிதர்களும்தான். அதுவரை 100 பேரில் 20, 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. பேதியாகும்போது குடல் வெறும் தண்ணீரைச் சரியாகப் பிடித்துக்கொள்ளாது. ஆனால் சர்க்கரை உள்ளே போகும் வழி திறந்தே இருக்கும். சர்க்கரை போகும்போது கூடவே உப்பையும் இழுத்துக்கொண்டு போகும்; உப்பின் பின்னாலேயே தண்ணீர் போகும். 20-ம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவக் கண்டுபிடிப்பாக இது இருக்கலாம் என்று ‘லான்செட்’ இதழ் 1978-ல் எழுதியது. மஹலானபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

எது உண்மையான ஓ.ஆர்.எஸ்.?

பல வருடமாக மெடிக்கல் ஷாப்பில் கலர் கலரான அட்டைப் பெட்டி ஜூஸ்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்தோடு விற்றன. அவற்றில் பலவற்றில் சர்க்கரை பல மடங்கு அதிகம், உப்பு குறைவு. அது பேதியை அதிகமாக்கும். இதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா இல்லாத எந்தப் பானத்திலும் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். 1 லிட்டருக்கான பாக்கெட்டில் இந்த நான்கும் இருக்க வேண்டும்:

• சோடியம் குளோரைடு - 2.6 கிராம்
• பொட்டாசியம் குளோரைடு - 1.5 கிராம்
• சோடியம் சிட்ரேட் - 2.9 கிராம்
• குளுக்கோஸ் - 13.5 கிராம்

பலர் செய்யும் தப்பு, 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் குடிப்பது. உப்பு ஏகமாகி, குழந்தைகளுக்கு ஆபத்தாகவே முடியலாம். முழு பாக்கெட்டுக்கு முழு லிட்டர். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஜூஸ், சோடா, பால் எதிலும் கலக்காதீர்கள்.

பாக்கெட் கையில் இல்லையா? 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. ஹோட்டல் ரூமில் இருக்கும் கெட்டிலும், டீக்கு வைத்திருக்கும் சர்க்கரைப் பொட்டலமும் போதும். உப்பை ரெஸ்டாரன்ட்டில் கேட்டு வாங்கலாம்.

முதல் 24 மணி நேரம்

பேதி ஆரம்பித்ததும் செய்ய வேண்டியது ஓ.ஆர்.எஸ். குடிப்பது. ஒவ்வொரு முறை போய் வந்ததும், 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மி.லி., 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மி.லி., பெரியவர்கள் தாகத்துக்கு ஏற்ற அளவு. வாந்தி இருந்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று பட்டினி கிடக்க வேண்டாம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, இட்லி, பிரெட், வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு எது கிடைக்கிறதோ அது. ஜப்பான் போனால் ‘ஒகாயு’ என்று கேளுங்கள், அது நம் அரிசிக் கஞ்சியேதான். தாய்லாந்தில் ‘ஜோக்’. ஊரிலிருந்து கொண்டுபோன தொக்கும் ஊறுகாயும் இரண்டு நாள் பெட்டியிலேயே இருக்கட்டும். காபி, மது, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.

பாக்டீரியா பேதி மருந்தில்லாமலே பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் அடங்கும். வைரஸ் என்றால் 2, 3 நாள்.

மாத்திரை போடலாமா?

ஓசூரில் வயிறு சரியில்லை என்றால் தெருமுனை மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுவிடுகிறோம். அதில் ஒன்று ஆன்டிபயாட்டிக்காக இருக்கும். ஆசிய நாடுகள் பலவற்றில் நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்குப் பேதிக் கிருமிகள் பழகிவிட்டன. சாதாரணப் பேதிக்கு ஆன்டிபயாட்டிக் தேவையும் இல்லை. வெளிநாடுகள் பலவற்றில் டாக்டர் சீட்டு இல்லாமல் அதைத் தரவும் மாட்டார்கள்.

பேதியை நிறுத்தும் லோபரமைடு, விமானத்தில் ஏற வேண்டிய அவசரத்துக்குப் பெரியவர்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் மலத்தில் ரத்தம் இருந்தாலோ காய்ச்சல் அதிகமாக இருந்தாலோ போடக் கூடாது. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

மருந்து எடுத்துப்போவதிலும் சட்டம் உண்டு. கொடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை இரண்டும் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை; முன் அனுமதி வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 சதவிகிதத்துக்கு மேல் இருக்கும் சளி மருந்துக்கு ஜப்பானில் தடை. எந்த மருந்தையும் அதன் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள்.

அப்பா அம்மா போகிறார்கள் என்றால்…

கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். ‘பிள்ளைக்கு எதுக்குச் செலவு, அங்கே டாக்டர் ஃபீஸ் ஜாஸ்தியாமே’ என்று பெற்றோர் பேதியை மறைப்பார்கள். பாத்ரூம் போக சங்கடப்பட்டுத் தண்ணீரையும் குறைப்பார்கள். வயதானவர்களுக்கு நீரிழப்பு வேகமாக சிறுநீரகத்தைத் தாக்கும்.

அவர்கள் தினமும் போடும் மாத்திரையும் இதில் சேரும். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரைகள், சில பி.பி. மாத்திரைகள், சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகள் ஆகியவற்றை, வாந்தி பேதி கடுமையாக இருக்கும் நாளில் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள் டாக்டர்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடுவதே கூடாது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இன்சுலினை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. கிளம்பும் முன் ஒருமுறை குடும்ப டாக்டரிடம், ‘அங்கே பேதியானால் எந்த மாத்திரையை நிறுத்தணும் டாக்டர்?’ என்று கேட்டு, ஒரு தாளில் தமிழிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் முறை கம்பெனி டிரெயினிங் போகும் இளைஞர்களும் மறைப்பார்கள். பத்து நாள் டிரெயினிங்கில் ஒரு நாள் லீவு கேட்டால் மேனேஜர் என்ன நினைப்பாரோ என்ற பயம். மெஷின் முன்னால் மயங்கி விழுந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ‘வயிறு சரியில்லை, இன்று ரூமில் இருக்கிறேன்’ என்று காலையிலேயே மெசேஜ் அனுப்பிவிடுங்கள். ஃப்ளோரில் பத்துப் பேருக்குத் தொற்றாமல் இருக்கவும் அது நல்லது.

எப்போது ஆஸ்பத்திரி?

• மலத்தில் ரத்தம், சளி
• 102 டிகிரியை ஒட்டிய காய்ச்சல்
• 6, 8 மணி நேரமாகச் சிறுநீரே வரவில்லை
• குடித்தது எதுவும் தங்காத வாந்தி
• தலைசுற்றல், குழப்பமான பேச்சு, எழுப்பினால் விழிக்காத தூக்கம்
• 3 நாளாகியும் குறையாத பேதி

இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் இவ்வளவு தூரம் காத்திருக்கவே வேண்டாம்.

ஆம்புலன்ஸ் எண்களை போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்: ஜப்பான், தைவான், தென் கொரியா 119. ஐரோப்பிய நாடுகள் 112. சிங்கப்பூர் 995. மலேசியா 999. தாய்லாந்து 1669. அமீரகம் 998. சீனா 120. அமெரிக்கா 911. இலங்கையில் 1990, இந்திய உதவியோடு 2016-ல் தொடங்கிய இலவச சேவை அது.

‘பேதி’ என்ற ஒரு வார்த்தையையாவது அந்த ஊர் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். ஜப்பானியத்தில் ‘கெரி’. ஜெர்மனில் ‘டுர்ஷ்ஃபால்’. தாய் மொழியில் ‘தோங் சியா’. மலாயில் ‘சிரிட் பிரிட்’. மலேசியா, சிங்கப்பூரில் தமிழ் பேசும் டாக்டரே கிடைக்கவும் வாய்ப்புண்டு.

இன்ஷூரன்ஸில் கவனம்

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மற்ற நாடுகளுக்கு விசா கேட்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் சுகர், பி.பி. இருப்பதை மறைக்காதீர்கள், பணம் கேட்கும்போது அதைக் காரணம் காட்டி மறுக்கலாம். அட்மிட் ஆவதற்கு முன் பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்கு ஒரு போன். ஒவ்வொரு பில்லையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள். கம்பெனி அனுப்புகிறது என்றால், பாலிசி எண்ணை ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்கிய பிறகே கிளம்புங்கள்.

திரும்பி வந்த பிறகு

பயணம் முடிந்து ஒரு மாதம், ஆறு மாதம் கழித்தும் காய்ச்சல் விட்டு விட்டு வரலாம். வலது விலாவுக்குக் கீழே வலி, எடை குறைதல், இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கும் பேதி எல்லாமே டாக்டரிடம் காட்ட வேண்டியவை. ஓசூர் அரசு மருத்துவமனையோ, போலுப்பள்ளியில் இருக்கும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியோ, உங்கள் குடும்ப டாக்டரோ, யாரிடம் போனாலும் முதல் வரியில் எந்த நாடு, எந்தத் தேதி, என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். கல்லீரல் சீழ்க்கட்டியை இன்று ஒரு ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் கண்டுபிடிக்கலாம், மாத்திரையிலேயே பெரும்பாலும் குணப்படுத்தலாம். ராமானுஜனுக்குக் கிடைக்காத வசதி அது. டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், நீங்களே சொல்லுங்கள்.